நாயை விடுதியில் விடுவதற்கு முன்

பாளையங்கோட்டையிலிருந்து நாலு நாள் கல்யாணத்துக்குப் போக வேண்டும், வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் நிற்கிறது. முதல் தடவை நாய் விடுதி தேடுகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தடுப்பூசி. ஊருக்குப் போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே அட்டையை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியும் நடப்பில் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ உடனே போங்கள். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமலுக்கான ஊசியைப் பற்றியும் கேளுங்கள். விடுதிக்காரர் அந்த அட்டையைக் கேட்கிறாரா என்பதுதான் முதல் சோதனை. உங்களிடம் கேட்காதவர் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அடுத்து, இடத்தை நேரில் பாருங்கள். காலையில் போகாதீர்கள், மதியம் ஒரு மணிக்குப் போங்கள். நம்ம ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாய் என்ன பாடுபடும் என்று அப்போதுதான் தெரியும். நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கிறதா, ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கூண்டா என்று கவனியுங்கள். பின்பக்கத்தைக் காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

சுவர் இடுக்கையும் கூண்டின் மூலையையும் விட்டுவிடாதீர்கள். நான் அதைப் பார்க்காமல்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு விடுதியில் மூன்று நாள் விட்டுக் கூட்டி வந்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல், சோறு தொடவில்லை, ஈறு வெளிறிப் போனது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல். 28 நாள் மாத்திரை கொடுத்துத்தான் தேற்றினோம். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவரில் ஏறி விரிசலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் விடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு உண்ணி மருந்து போட்டுவிடுங்கள்.

கன்னி, சிப்பிப்பாறை இன நாய் வளர்க்கிறவர்கள் மதில் உயரத்தையும் பார்க்க வேண்டும். வேட்டை நாய், சின்னச் சுவரை ஒரே தாவலில் தாண்டிவிடும். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு இருந்தால் நல்லது. ராத்திரி ஆள் தங்குவாரா என்று கேளுங்கள். பக்கத்தில் அந்த வாரம் அம்மன் கோவில் கொடையோ சுடலைமாடன் கொடைத் திருவிழாவோ உண்டா என்றும் விசாரியுங்கள். நடுச்சாமத்தில் வேட்டுச் சத்தம் கேட்டால் பழகாத இடத்தில் நாய் மிரண்டுவிடும்.

எல்லாம் சரி என்று பட்டால், பயணத்துக்கு முன் ஒரே ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்கள். திரும்பி வந்ததும் சோறு தின்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

விடும் நாளில் வழக்கமாகத் தின்னும் தீனியையே கொடுத்து அனுப்புங்கள், மாற்றினால் வயிற்றால் போகும். நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சாரம் (லுங்கி) ஒன்றும் வையுங்கள், அந்த வாசத்தில் படுத்துக்கொள்ளும். டாக்டர் நம்பரையும், ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பரையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

கூட்டி வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் சோர்ந்து படுத்தால், விடுதியில் விட்டிருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.