இரண்டாவது ஃபேஸ்லிஃப்டா, வற்றிய கன்னத்தை நிரப்புவதா? முடிவெடுக்கும் முறை

முதல் ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத்தைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன்) செய்து ஏழெட்டு வருடம் ஆனதும் முகம் மறுபடி சோர்ந்து தெரிய ஆரம்பிக்கும். இன்னொரு தடவை இழுத்துத் தைத்துவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் முகம் தொங்கியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். தொங்கலுக்கு ஆபரேஷன், வற்றலுக்கு நிரப்பல். வற்றிய முகத்தை இழுத்துத் தைத்தால் வாய் பக்கவாட்டில் அகன்று, எலும்பின் மேல் தோல் போர்த்தியது போலாகிவிடும். தொங்கிய முகத்தில் ஃபில்லர் (குழிவை நிரப்ப ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றிக்கொண்டே போனால் கன்னம் ஊதி, கண் சிறுத்துப் போகும்.

வயதாகும்போது தளர்வது தோல் மட்டும் இல்லை. கன்னத்தின் ஆழத்திலுள்ள கொழுப்புத் திட்டுகள் சுருங்கும், கண்குழியின் எலும்பு விளிம்பு தேயும், பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு கரையும். இலவம்பஞ்சு அமுங்கிப்போன தலையணைக்கு உறையை மட்டும் இறுக்கித் தைத்து என்ன பயன்?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில், மேக்கப் இல்லாமல், முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். நேராக ஒரு படம், இரண்டு பக்கமும் சற்றே திரும்பி ஒவ்வொரு படம் எடுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு நேர் மேலே பிடித்து அதே படங்களை எடுங்கள். படுத்ததும் தாடைக்கோடு தெளிந்து முகம் நன்றாகிவிட்டால், பிரச்சினை தொங்கல். படுத்த பிறகும் நெற்றிப்பொட்டும் கண்ணுக்குக் கீழும் குழிந்தே இருந்து, கன்னமும் தட்டையாகவே தெரிந்தால் பிரச்சினை வற்றல்.

அடுத்தது விரல் சோதனை. காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, தோலை மேலும் பின்னுமாக ஒரு சென்டிமீட்டர் மட்டும் தள்ளுங்கள். தாடையோரச் சதை மறைந்தால் ஆபரேஷனால் பலன் இருக்கும். சதை அப்படியே இருந்து உதட்டோரம் மட்டும் இழுபட்டால், வெட்டி எடுக்க உபரித் தோல் இல்லை என்று பொருள். கழுத்துத் தோல் தொங்குவதும் கழுத்தில் நரம்பு போல் பட்டை தெரிவதும்தான் உங்கள் குறை என்றால் யோசிக்கவே வேண்டாம், கன்னத்தில் போடும் ஃபில்லர் அதைச் சரிசெய்யாது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது முதல் ஆபரேஷனின் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. அப்போது தோலை மட்டும் இழுத்தார்களா, அதற்குக் கீழுள்ள ஸ்மாஸ் என்ற சவ்வுப் படலத்தையும் தூக்கினார்களா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தோலை மட்டும் இழுத்திருந்தால், இன்னும் தொடாத ஆழ்ந்த படலம் மிச்சமிருக்கும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிட நன்றாக அமையவும் வாய்ப்புண்டு. ஆழப் படலத்தை ஏற்கெனவே பிரித்திருந்தால் அங்கே தழும்புத் திசு இறுகியிருக்கும். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளைக் காப்பாற்றிக்கொண்டு மறுபடி பிரிப்பது கடினம். மறு ஆபரேஷன் செய்து கைதேர்ந்தவரிடம் மட்டுமே போக வேண்டும். இந்தியாவில் என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) பட்டம் பெற்றவரா என்று பாருங்கள்.

காது மடலின் கீழ்நுனியையும் கவனியுங்கள். அது தனியாகத் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டிக் கீழே இழுபட்டிருந்தால், முதல் தடவை பாரம் முழுவதையும் தோல்மேல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். அதே வழியில் மறுபடி இழுத்தால் இன்னும் இறங்கும், தழும்பும் அகலும். பாரத்தை ஸ்மாஸ் தாங்க வேண்டும், தோல் சும்மா படிந்திருக்க வேண்டும். காதோர முடி ஏற்கெனவே மேலே ஏறியிருந்தால், இந்த முறை வெட்டு முடிக்குள் போகாமல் முடியின் ஓரமாக வரவேண்டும்.

ஆபரேஷனில் அதிகம் நேரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். ரத்த அழுத்தம் ஏறுவது ஒரு முக்கியக் காரணம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி விண்ணென்று வலித்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. புகை பிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காதோரத் தோல் கருகிப்போகலாம்.

நிரப்பலில் அளவு முக்கியம். ஃபில்லர் ஊசி ஒன்றில் 1 மி.லி. இருக்கும். ஐந்து ஊசி சேர்ந்தால்தான் ஒரு டீஸ்பூன். நெற்றிப்பொட்டுக்கு மட்டும் பக்கத்துக்கு 1 முதல் 2 மி.லி. போகும். முகம் முழுக்க வற்றியிருப்பவர்கள் ஊசியை எண்ணிப் பார்த்தால், வயிற்றிலோ தொடையிலோ எடுத்த சொந்தக் கொழுப்பை ஏற்றுவது மேல் என்று தெரியும். ஏற்றிய கொழுப்பு முழுதும் நிலைக்காது. ஒரு பகுதி கரைந்துவிடும், மிஞ்சியதை மூன்று மாதத்துக்குப் பிறகே மதிப்பிட முடியும். உடல் எடை ஏறினால் அதுவும் பருக்கும். அதனால் எடை ஆறு மாதமாவது நிலையாக இருந்த பிறகு இறங்குங்கள். செமாக்ளூடைட் ஊசி போட்டு மெலிந்துகொண்டிருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுக்கும், வலை போல் நீலம் பாரிக்கும், கடுமையாக வலிக்கும். கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, பார்வையே போகும் அபாயம் அது. புருவ நடுவும் மூக்கும் மிக ஆபத்தான இடங்கள். ஊசி போட உட்காரும் முன், ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஹயலுரோனிக் அமில ஃபில்லரைத்தான் கரைக்கும். மற்ற வகை ஃபில்லர்களான பாலி லாக்டிக் அமிலத்தையோ கால்சியம் கலந்ததையோ கரைக்காது.

தொங்கல், வற்றல் இரண்டும் சேர்ந்திருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத் தூக்குவதையும் கொழுப்பு ஏற்றுவதையும் ஒரே ஆபரேஷனில் முடிக்கலாம். ஃபில்லர்தான் வேண்டும் என்றால் முதலில் தூக்கி, வீக்கம் வடிய சில மாதம் விட்டு, பிறகு நிரப்புங்கள். பழைய ஃபில்லர் கன்னத்தில் இருந்தால் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். அதைக் கரைக்காமல் அவர் முகத்தை அளந்து பார்த்தால் கணக்கு தப்பாகலாம்.

சோதனை செய்தும் பிடிபடவில்லையா? ஒவ்வொரு கன்னத்திலும் 1 மி.லி. ஹயலுரோனிக் ஃபில்லர் மட்டும் போட்டு, இரண்டு வாரம் கழித்து அதே ஜன்னலருகில் அதே படங்களை எடுத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்.