நகரத்துக்குக் கார்பன் திட்டம்: யார் கையில் எத்தனை டன்?

நகரங்களுக்குக் கார்பன் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. நகராட்சியில் போய் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “எந்த ஆண்டுக்குள் கார்பன் சமநிலை என்று அறிவிக்கலாம்?” அதாவது, ஊர் வெளிவிடும் கரியமில வாயுவும் ஈடுகட்டும் அளவும் எப்போது சமமாகும்? 2040 என்றால் துணிச்சலாக இருக்கும், 2050 என்றால் வம்பில்லை என்று பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். ஆண்டை அப்புறம் பேசலாம் என்று நான் சொல்வேன். ஊரிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவின் ஒவ்வொரு டன்னையும் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனைப் பாருங்கள். 2025க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகரம் ஆவோம் என்று 2012இல் திட்டம் போட்ட நகரம். திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அனேகமாக நகரம் முழுவதற்கும் குழாய் வழியே சூடேற்றும் வசதி ஏற்கெனவே இருந்தது, சைக்கிள் பாதைகளும் இருந்தன. ஆனால் கணக்கின் கடைசித் துண்டு, குப்பை எரிக்கும் ஆலையில் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைக்கும் ஏற்பாட்டை நம்பியிருந்தது. அதற்கான நிதி கைகூடவில்லை. 2025இல் எட்ட முடியாது என்று 2022இல் நகரமே ஒப்புக்கொண்டது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஊருக்கே இந்த நிலை.

சரி, கணக்கிலிருந்து தொடங்குவோம்.

நகரங்களுக்கென்றே ஒரு கணக்கு முறை 2014இல் வந்தது. ஜி.பி.சி. என்று சொல்வோம். உலக வள நிறுவனமும், சி40, இக்லி என்ற நகரக் கூட்டமைப்புகள் இரண்டும் சேர்ந்து உருவாக்கியது. உமிழ்வை அது மூன்று ‘ஸ்கோப்’களாகப் பிரிக்கிறது. நகர எல்லைக்குள் நேரடியாக வெளியேறுவது ஸ்கோப் 1. வெளியே உற்பத்தியாகி உள்ளே செலவாகும் மின்சாரம் ஸ்கோப் 2. நகரத்தின் செயலால் எல்லைக்கு வெளியே நடப்பது ஸ்கோப் 3. குப்பையைப் பக்கத்து ஊர் எல்லையில் கொட்டினாலும் அது உங்கள் கணக்கில்தான் வரும். இதைச் சொல்லும்போது சுகாதாரப் பிரிவின் முகம் மாறும். பரவாயில்லை, எழுதிவிடுங்கள். விமான நிலையமோ பெரிய ஆலையோ இருந்து அதைச் சேர்க்க மனமில்லை என்றால், கணக்கில் தனி வரிசையாகவாவது காட்டுங்கள். மறைத்ததைப் பின்னால் யாராவது தோண்டி எடுத்தால் மொத்தக் கணக்கின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

அடிப்படை ஆண்டாக, அதாவது பின்வரும் ஆண்டுகளை ஒப்பிடும் ஆண்டாக, சாதாரண ஆண்டு ஒன்றை எடுங்கள். ஊரடங்கு நடந்த 2020ஐ எடுத்தால், எதுவுமே செய்யாமலிருந்தும் அடுத்த ஆண்டே தோற்றதுபோல் தெரியும்.

எரிபொருள் கணக்கில் ஒரு சந்தேகம் எல்லாக் கூட்டத்திலும் எழும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு, பெட்ரோல் என்றால் சுமார் 2.3 கிலோ. “ஒரு லிட்டரே ஒரு கிலோ தேறாதே, இது எப்படி?” என்று யாராவது கேட்பார்கள். டீசலில் இருக்கும் கார்பனோடு காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்கிறது, கூடுதல் எடை அதனுடையது. இதை முதல் கூட்டத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் கடைசிவரை உங்கள் எண்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

குப்பை வேறு மாதிரி. மட்கும் குப்பை காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். அதோடு, இன்று கொட்டியது பல பத்தாண்டுகள் அழுகிக்கொண்டே இருக்கும். நாளை முதல் ஒரு கைப்பிடி ஈரக் குப்பைகூடக் கிடங்குக்குப் போகாது என்றாலும் பழைய மேடு வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் திட்டத்தில் இரண்டு வேலைகளை எழுத வேண்டும்: இனி வருவதைத் தரம் பிரித்து உரமாக்குவது ஒன்று, பழையதை மூடி வாயுவைக் குழாய் போட்டு எடுப்பது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் எழுதிவிட்டு, ஏன் எண் இறங்கவில்லை என்று கேட்கிற ஊர்கள் நிறைய.

இப்போது, எந்த டன் யார் கையில் என்ற பட்டியல். ஒரு எக்ஸெல் தாளில் உமிழ்வுகளை எல்லாம் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: நம் கையில், நம் விதியில், பிறர் கையில். தெருவிளக்கு, குடிநீர் பம்பு, கழிவுநீர், நகராட்சிக் கட்டடம், நகரமே ஓட்டுவதாக இருந்தால் பேருந்து, இவை நம் கையில். கட்டட அனுமதி, பார்க்கிங், சாலையில் யாருக்கு எவ்வளவு இடம், இவை நம் விதியில். மின்சாரம் எதிலிருந்து வருகிறது, வண்டிகளின் புகைத் தரம், பெரிய தொழிற்சாலை, இவை பெரும்பாலும் பிறர் கையில். முதல் வகை பல நகரங்களில் மொத்தத்தில் சில விழுக்காடுதான் வரும். அதைப் பார்த்ததும் அறையில் ஒரு சோர்வு தட்டும்.

சின்னதாக இருந்தாலும் அதிலிருந்தே தொடங்குங்கள். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, மிச்சமாகும் பணமும் நம்முடையது. நகராட்சி பெயரில் இருக்கும் மின் இணைப்புகளின் பில்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தக் கட்டடத்துக்கு என்று யாருக்கும் தெரியாத மீட்டர்கள் சில கிடைக்கும். தண்ணீரைத் தள்ளும் பம்புகள் பட்டியலின் மேலேயே இருக்க வாய்ப்பு அதிகம். பம்பு நிலையத்துக்கு நேரில் போய் வால்வைப் பாருங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடும், வால்வோ பாதி மூடியிருக்கும். மின்சாரம் கொடுத்துத் தள்ளிவிட்டு அதே தண்ணீரை நாமே மறிக்கிறோம். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்தினால், மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் (0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512). உயரமான தொட்டிக்கு ஏற்றும் பம்பில் இவ்வளவு மிச்சம் வராது, அதனால் எல்லாப் பம்புக்கும் ஒரே டெண்டர் விடாதீர்கள். குழாய்க் கசிவையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரம் செலவழித்து ஏற்றிய லிட்டர்.

பேருந்தை மின்சாரத்துக்கு மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு 2017 இறுதியிலேயே சீனாவின் ஷென்சென் நகரம் பதில் சொல்லிவிட்டது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள், எல்லாம் மின்சாரம். பேருந்து வாங்குவதைவிட டிப்போவில்தான் வேலை சிக்கும். இரவில் மொத்த வண்டிகளையும் சார்ஜ் செய்ய புது டிரான்ஸ்ஃபார்மரும் மின் இணைப்பும் வேண்டும். வண்டிக்கு ஆர்டர் போடும் முன்பே இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது வகைக்குப் பணத்தைவிட அரசியல் துணிவுதான் அதிகம் தேவை. பெரிய கட்டடங்களுக்கு உமிழ்வு வரம்பு போட்டு, வரம்புக்கும் கீழே குறைத்தவர் அந்த மிச்சத்தை மற்றவருக்கு விற்கலாம் என்று டோக்கியோ 2010இல் தொடங்கியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு நியூயார்க் 2019இல் சட்டம் இயற்றியது, வரம்பு அமலானது 2024இல். இடையில் விட்ட அந்த ஐந்து ஆண்டுகள் முக்கியம். கட்டட உரிமையாளருக்கு நேரம் கொடுங்கள், தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாக்ஹோம் வேறு வழியில் போனது. 2006இல், நகரின் நெரிசல் பகுதிக்கு வரும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தைச் சோதனையாக அமல்படுத்தி, போக்குவரத்து சுமார் 20 விழுக்காடு குறைவதை மக்கள் கண்ணால் பார்த்த பிறகு வாக்கெடுப்பு நடத்தியது. முதலில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் தோற்றிருக்கும் என்பது என் கணிப்பு. வாடகைதாரர்களையும் மறக்கக்கூடாது. கட்டடத்தைச் சீர்படுத்திய செலவு வாடகையில் ஏறினால் உங்கள் திட்டத்துக்கு முதல் எதிரி அவர்கள்தான்.

மூன்றாவது வகைக்குக் கையெழுத்து வேண்டும். 2030க்குள் காலநிலைச் சமநிலை அடைய முன்வந்த நூறு நகரங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தேர்ந்தெடுத்தபோது, ஒவ்வொரு நகரமும் ‘காலநிலை நகர ஒப்பந்தம்’ ஒன்றைத் தயாரிக்கச் சொன்னது. மின் நிறுவனம், தொழிற்சாலை, பல்கலைக்கழகம் என்று யார் எதைச் செய்வார்கள் என்பது அதில் வரும். சட்டப்படி யாரையும் கட்டாது என்றாலும், ‘ஒத்துழைப்போம்’ என்ற வாய்வார்த்தையைவிட மேல். கையெழுத்துக் கிடைக்காத டன்களைத் திட்டத்தில் குறைந்ததாகக் காட்டாதீர்கள். கோபன்ஹேகனுக்கு நேர்ந்தது அங்கேதான் நேரும்.

மரம் நடுவதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நிழலுக்கும் வெயில் தணிவதற்கும் மழைநீருக்கும் தாராளமாக நடுங்கள். கணக்கை நேர்செய்ய நடாதீர்கள். நாளுக்கு 80 லிட்டர் டீசல் குடிக்கும் ஒரு பேருந்து 300 நாள் ஓடினால் ஏறக்குறைய 65 டன். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ உறிஞ்சும் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரே பேருந்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் மரங்கள்!

கடைசியில் இதையெல்லாம் பட்ஜெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நார்வேயின் ஆஸ்லோ நகரத்தின் முறை எனக்குப் பிடித்தது. 2017 பட்ஜெட்டிலிருந்து நிதி பட்ஜெட்டோடு காலநிலை பட்ஜெட்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்: எந்த நடவடிக்கை, எவ்வளவு குறையும், எந்தத் துறை பொறுப்பு என்று. பணத்துக்குப் பதில் சொல்லும் அதே அதிகாரி டன்னுக்கும் பதில் சொல்கிறார். உங்கள் எக்ஸெல் தாளில் இன்னும் மூன்று பத்திகளைச் சேர்த்தால் போதும்: பொறுப்பான பதவி, பட்ஜெட் தலைப்பு, முடிக்கும் ஆண்டு. பதவியைப் போடுங்கள், ஆளின் பெயரை அல்ல. ஆள் மாறிவிடுவார். நிதிப் பிரிவு பட்ஜெட் சுற்றறிக்கை அனுப்பும்போதே இந்தத் தாளும் கூடப் போகட்டும். துறைகளிடமிருந்து திரும்பி வருகிறபோது எந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றை நிரப்பிய பிறகு மேயரோடு உட்கார்ந்து ஆண்டை முடிவு செய்யலாம்.