ஆசிரியர் பரிமாற்றத்துக்குப் போகிறீர்களா? முதலில் பின் பெஞ்சில் உட்காருங்கள்

மொரிசியஸில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நமக்குப் பரிமாற்றம் என்றதும் தமிழ்நாடுதான் நினைவுக்கு வரும். தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை தமிழிலேயே சண்டை போடத் தெரிந்த பிள்ளை. நம் பிள்ளைக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கப்புறம்தான் தமிழ். அங்கே நடத்தும் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இங்கே எடுபடாது.

காலம் முக்கியம். அவர்களுக்கு ஏப்ரல், மே என்றால் தேர்வும் கோடை விடுமுறையும், வகுப்பே இருக்காது. நம் இரண்டாம் பருவம் முடிந்து வரும் விடுமுறையில் போனால் ஜூனில் திறந்த பள்ளிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

போனதும் பாடம் நடத்த முந்தாதீர்கள். விருந்தாளி என்று முதல் நாளே சாக்பீஸைக் கையில் கொடுப்பார்கள், அதைத் தள்ளிப்போட்டுப் பின் பெஞ்சில் உட்காருங்கள். குறிப்பாக, 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கும் கீழ் வகுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் வாக்கியம் படிக்கிற பிள்ளைக்கும் வேறு வேறு பயிற்சி. ஒரு நிலைக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டு நிலைப் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது, அட்டையா, பயிற்சி நூலா, வெறும் சத்தமா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவனும் தமிழே காதில் விழாதவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நம் வகுப்புக்குத் தேவையானது அதுதான். கரும்பலகைக்கு மேலே ஒட்டியிருக்கும் வண்ணப் படங்களை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள், விடுங்கள்.

என்னைக் கேட்டால் சிங்கப்பூர் இன்னும் பொருத்தம். அங்கேயும் பல வீடுகளில் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம், அதனால் பேச்சுத்தமிழைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்து வகுப்பில் பேச வைக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சரி, சுளிக்கட்டும்.

திரும்பி வந்ததும் அங்கே பார்த்ததை ஒரே ஒரு வகுப்பில் ஒரு பருவம் முயன்று பாருங்கள். ஆறாம் வகுப்பைத் தொடாதீர்கள், தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு நேரத்தில் புது முறை என்றால் பெற்றோர் வாசலுக்கே வந்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு தோதானது. முடிந்தால் அங்கே உங்களுக்கு இடம் கொடுத்த ஆசிரியரையும் இங்கே வரவழையுங்கள், கிரியோல் தெரியாமல் நம் பிள்ளைகளிடம் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பின் பெஞ்சிலிருந்து பார்க்கலாம்.