பழைய போட்டோவ ஓரத்துலருந்து பாருங்க

யாங்கூன்ல நம்ம ஆளுங்க வீட்டுல ஒரு பிஸ்கட் டின் இருக்கும், உள்ள பழைய போட்டோ. மழைக்காலத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்னு வெயில் நாள்ல எடுத்து பரப்புவோம், இது யாரு அது யாருன்னு கேட்டு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு மூடிருவோம். அது பத்தாதுங்க. மெக்சிகோ பொம்பளைங்களோட பழைய படங்கள பாத்தப்புறம்தான் எனக்கே இது வெளங்குச்சு, அதையே வச்சு சொல்றேன்.

மொதல்ல படம் முழுசா இருக்கா, யாராச்சும் வெட்டிட்டாங்களான்னு பாருங்க. 1910ல ஆரம்பிச்ச மெக்சிகோ புரட்சின்னாலே ஒரு படம்தான் காட்டுவாங்க, ரயில் பெட்டியில கம்பிய புடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்குற ஒரு பொண்ணு, எடுத்தது 1912ல. அடெலிட்டான்னு கூப்பிடுறாங்க, ஆனா அது ஒரு பாட்டுல வர்ற பேருங்க, அவளோட நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. எடுத்தவர் பேரும் ரொம்ப நாள் காசசோலான்னே இருந்துச்சு, அப்புறம்தான் ஹெரோனிமோ எர்னாண்டஸ்னு ஒரு பத்திரிகை போட்டோகிராபர்னு கண்டுபுடிச்சாங்க. வெட்டாத கண்ணாடி நெகட்டிவ்ல பாத்தா அவ தனியா இல்ல, பக்கத்துல இன்னும் பல பொம்பளைங்க நிக்கிறாங்க. படையோட கூடவே போய் சோளம் அரைச்சு, ரொட்டி சுட்டு, காயத்துக்குக் கட்டு போட்டவங்க, அதுல சில பேர் துப்பாக்கி புடிச்சும் சண்டை போட்டாங்க, இவங்கள சோல்டடெரான்னு சொல்லுவாங்க. ஓரத்த வெட்டினதும் அந்தக் கூட்டமே காணாம போயி ஒரே ஒரு அழகி மட்டும் மிஞ்சிட்டா.

அடுத்தது, இந்தப் படம் யாருக்காக எடுத்ததுன்னு கேளுங்க. 1860கள்ல மெக்சிகோ சிட்டியில க்ரூசஸ், காம்பான்னு ரெண்டு பேர் நடத்தின ஸ்டூடியோவுல தெருவுல விக்கிறவங்கள கூட்டிட்டு வந்து திரைக்கு முன்னாடி நிக்க வச்சு அட்டைப் படமா வித்தாங்க, வாங்கினவங்களுக்கு படத்துல நிக்கிறவ ஒரு ‘வகை’, ஆளு இல்ல. 1953ல நாச்சோ லோபஸ் எடுத்த படத்துல மதேரோ தெருவுல ஒரு பொண்ணு நடக்க ஆம்பளைங்க எல்லாம் முறைச்சுப் பாக்குறாங்க, ஆனா அவ ஒரு நடிகை, அவரே ஏற்பாடு பண்ணி நடக்க வச்சது. அதே 1953லதான் அங்க பொம்பளைங்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கெடச்சுது. ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க, அப்பதான் அந்தப் படம் பேசும்.

இன்னொண்ணு, அதே நேரத்துல எடுத்த மத்த படங்களையும் தேடுங்க. 1979ல ஹுசிதான் ஊர்ல கிராசியேலா இதுர்பிதே எடுத்த படத்துல தலை மேல இகுவானாவ, அதாவது உடும்பு மாதிரி இருக்குற பல்லி இனத்த, அடுக்கி வச்சுக்கிட்டு ஒரு அம்மா சாமி சிலை மாதிரி நிக்கும். மத்த படங்கள பாத்தா அந்தம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கு, அது சந்தையில இகுவானா விக்கிற அம்மாங்க!

இப்ப உங்க டின்ன தொறங்க. என் பாட்டி போட்டோ ஒண்ணு இருக்கு, ஸ்டூடியோவுல பர்மா லுங்கி கட்டி, கன்னத்துல தனக்கான்னு பர்மாவுல பூசுற மரப்பட்டை அரைச்ச பூச்சு பூசி, கழுத்துல பெரிய சங்கிலி. பின்னாடி தாத்தா பேரப் போட்டு ‘சம்சாரம்’னு எழுதியிருக்கு, பாட்டி பேரே இல்ல. லென்ஸ் வச்சுப் பாத்தேன், குதிகால் முழுக்க வெடிப்பு, அரிசி மில்லுல நெல்லு காயப்போட்ட காலு. எடது ஓரத்துல வளையல் போட்ட ஒரு கை, பாதி வெட்டுப்பட்டு.

போன்ல எடுக்கும்போது ஓரத்த வெட்டாதீங்க, ஒட்டிக்கிட்டத பிய்க்காதீங்க, பின்னாடி பால்பாயிண்ட் பேனால எழுதாம மெதுவா பென்சில்ல எழுதுங்க. வயசானவங்க இருக்கும்போதே போய் கேளுங்க. பெரியம்மாகிட்ட அந்தக் கைய காட்டினேன், உடனே சொன்னாங்க, "அது பக்கத்து வீட்டு மோன் அக்கா, சங்கிலி அவங்களோடது, பாட்டிக்குக் கழுத்துல போட்டு விட்டுட்டு நகர்றதுக்குள்ள எடுத்துட்டான்." ரெண்டு பேர் பேரையும் பின்னாடி எழுதிட்டேன்.