ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் உங்கள் போனைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சிம் மலிவு?" கையிலிருக்கும் போன் இங்கே வேலை செய்யுமா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 3ஜி இப்போது கிடையாது. இங்குள்ள மூன்று பெரிய போன் நிறுவனங்களில் வோடபோன் முதலில் மூடியது; டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் மூடின. 2ஜி அதற்கும் முன்பே போய்விட்டது. நம்ம ஊரில் 4ஜி சிக்னல் விட்டுப்போனால் சில சிம்களில் போன் தானாக 2ஜிக்கு இறங்கிக்கொள்ளும். இங்கே இறங்க ஒன்றுமில்லை. டேட்டா, பேச்சு இரண்டும் 4ஜியிலோ 5ஜியிலோதான்.

"ஜியோவில் பேசிய போன்தானே, வோல்ட்டி (VoLTE, 4ஜியிலேயே பேசும் வசதி) இருக்கிறதே" என்பீர்கள். இருக்கும். ஆனால் வோல்ட்டியை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏற்றபடி போனின் மென்பொருளில் அமைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்ற சில மாடல்களில் இந்த நாட்டு நிறுவனங்களுக்கான அமைப்பு இருக்காது. அப்படிப்பட்ட போனில் இன்டர்நெட் ஓடும், அழைப்பு போகாது. அதோடு விடமாட்டார்கள்: அவசர எண் 000-ஐ அழைக்க முடியாத போனுக்கு சேவையே தரக்கூடாது என்பது விதி. ரீசார்ஜ் இருந்தாலும் டேட்டாவும் சேர்ந்து நின்றுவிடும். வைஃபையில் வாட்ஸ்அப் பார்க்கலாம், அவ்வளவுதான். *#06# அடித்து ஐஎம்இஐ (IMEI) எனும் போனின் அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு, மாடல் பெயரையும் சொல்லி, சிம் வாங்குமுன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசை. சிட்னி, மெல்போர்ன் நகரங்களுக்குள் பேண்ட் 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ், தாராளமாக உண்டு. இந்தியாவிலும் அதே பேண்ட் ஓடுவதால் சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் உங்கள் போனுக்கு சிக்னல் ஜோராகக் கிடைக்கும். நகரத்தைத் தாண்டினால் டெல்ஸ்ட்ராவுக்கும் ஆப்டஸுக்கும் கைகொடுப்பது பேண்ட் 28, 700 மெகாஹெர்ட்ஸ். குறைந்த அலைவரிசை தொலைவு போகும், சுவரையும் கொஞ்சம் துளைக்கும். உங்கள் மாடலில் 4ஜி பேண்ட் 28 இல்லாவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கு சிக்னல் இருக்கும், உங்களுக்கு இருக்காது.

5ஜி நகரத்துக்குள் வேகம் தரும். அதற்காகவே புதுப்போன் வாங்க வேண்டாம் என்பேன்.

491 ரீஜனல் விசாவில், அதாவது பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வதற்கான விசாவில், போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. மலிவு சிம்கள் பெரிய நிறுவனங்களின் கோபுரங்களைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் அந்தக் கோபுரங்களின் சிக்னல் பரப்பு முழுவதும் எல்லா சிம்முக்கும் கிடைப்பதில்லை. டெல்ஸ்ட்ராவின் முழு நெட்வொர்க் பூஸ்ட் சிம்மில் உண்டு. ஆல்டி சிம்மும் டெல்ஸ்ட்ராவில்தான் ஓடுகிறது, ஆனால் பரப்பு குறைவு. போகும் ஊரின் பெயரைப் போட்டு கவரேஜ் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.