புள்ளி நகர்ந்ததும் பெயர் வைக்காதீர்கள்

லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நின்று சிறுகோள் (சூரியனைச் சுற்றும் சிறு பாறை) தேடுவது நடக்காத காரியம். தெருவிளக்கு ஒரு பக்கம், கடல் மூட்டம் ஒரு பக்கம். வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடப்பதைப் பார்க்க ஓராண்டுக்கும் மேல் புதுச்சேரியிலேயே தங்கிக் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தியை, 1769இல் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் ஏமாற்றிய ஊர் இது. இப்போது அந்தக் கவலை இல்லை. ஹவாயில் உள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுக்கும் படங்கள் லேப்டாப்புக்கே வந்துவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் தேடுகிறார்கள், தவறும் செய்கிறார்கள்.

ஒரே இடத்தைச் சற்று இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் அசையாது, சிறுகோள் நகரும். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் துள்ளாதீர்கள். அது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவில் பட்ட தடமாகவோ கேமரா கோளாறாகவோ இருக்கும். நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போகிறதா என்று பாருங்கள். அப்புறம், ஏற்கெனவே தெரிந்த சிறுகோளா என்று பட்டியலில் தேடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பெரிய தவறு பெயரில் நடக்கிறது. எங்களோடு தேடும் பையன் ஒருவன், புள்ளி நகர்ந்த அன்றே தன் பாட்டி பெயரை அதற்குச் சூட்டி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்டுபிடித்த சிறுகோளுக்குக்கூட முதலில் கிடைத்தது ‘1988 டிக்யூ1’ என்ற தற்காலிகக் குறியீடுதான். டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. ஆங்கில எழுத்துகளில் ஐயை விட்டு எண்ணினால் க்யூ 16ஆவது; கடைசியில் உள்ள 1, இன்னொரு 25ஐக் கூட்டச் சொல்கிறது. ஆக, அந்த அரை மாதக் கணக்கில் 41ஆவது கண்டுபிடிப்பு. சுற்றுப்பாதை உறுதியான பிறகே 4130 என்ற எண் வந்தது, அதன் பிறகுதான் ராமானுஜன் என்ற பெயர்.

பெயரை முன்மொழிவது கண்டுபிடித்தவர் உரிமை. ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம். ஆங்கில எழுத்தில் 16க்குள் அடங்க வேண்டும். வணிகப் பெயர் கூடாது. அரசியல்வாதி என்றால் இறந்து நூறாண்டு ஆகியிருக்க வேண்டும். காசு கொடுத்தால் பெயர் வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

சரி, அந்தப் பையனின் புள்ளி? அது புதிதல்ல, ஏற்கெனவே எண் வாங்கிய சிறுகோள். பாட்டியிடம் யார் சொல்வது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.