முன்பின் தெரியாதவரோடு இணையத்தில் வாதம் செய்வது எப்படி: வாக்கு இயந்திரத்தை வைத்து ஒரு பயிற்சி

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த இரவு. யாரென்றே தெரியாத ஒருவர், "மெஷினில் ஓட்டு போட்டுவிட்டு வருகிறோம், அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று நமக்கு என்ன தெரியும்?" என்று எழுதியிருந்தார். நான் உடனே பதில் போட்டேன். அந்த இயந்திரத்தில் இணைய இணைப்பு கிடையாது, புளூடூத் கிடையாது, எப்படி ஹேக் செய்வார்கள்? அவர் ஏதோ சொன்னார், நான் ஏதோ சொன்னேன். நள்ளிரவு தாண்டியபோது அவர் கேட்டார்: "நான் எங்கே சார் ஹேக் என்று சொன்னேன்? என் ஓட்டு எண்ணப்பட்டதை என்னால் பார்க்க முடியவில்லை என்றுதானே சொல்கிறேன்."

மேலே போய்ப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். ஹேக் என்ற சொல்லை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. அவ்வளவு நேரமும் அவர் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடப்புச் செய்தி, அறம், தொழில்நுட்பம் என்று இணையத்தில் வாதம் செய்யப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் இந்த வாக்கு இயந்திர விவாதத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். மூன்று விஷயமும் இதற்குள் இருக்கிறது.

படி 1: எந்தக் கேள்வி என்று பிரியுங்கள்

"இயந்திரத்தை நம்பலாமா?" என்பது ஒரு கேள்வி போலத் தெரியும். அதற்குள் நான்கு இருக்கின்றன.

முதலாவது, இயந்திரத்தை மாற்றியமைக்க முடியுமா? இது பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓர் உண்மையான இந்திய இயந்திரத்தைத் திறந்து, எண் காட்டும் பலகையை மாற்றிப் பொருத்தி, முடிவைத் தவறாகக் காட்ட வைத்தார்கள். அது பழைய மாடல், போட்ட ஓட்டைக் காகிதத்தில் காட்டும் ஒப்புகைச் சீட்டு வராத காலத்தது. இயந்திரம் அவர்கள் கையில் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. ஆக, கையில் கிடைத்தால் அன்றைக்கு முடிந்தது.

இரண்டாவது, மாற்றினார்களா? இதற்குச் சாட்சியம் வேண்டும். முடியும் என்பதாலேயே நடந்தது என்று ஆகிவிடாது.

மூன்றாவது, யாராவது மாற்றினால் நம் ஏற்பாட்டில் அது பிடிபடுமா? இது கணக்கு.

நான்காவதுதான் அறம். ஒரு சாதாரண வாக்காளர், கம்ப்யூட்டர் படிக்காதவர், தன் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதைத் தானே புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டாமா? ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். அங்கே 2005 தேர்தலில் பயன்படுத்திய இயந்திரங்களில் மோசடி நடந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும், அந்த இயந்திரங்களில் அது முடியவில்லை, ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு முரண் என்றது.

அன்றிரவு அந்த மனிதர் கேட்டது நான்காவது கேள்வி. நான் முதலாவதற்குப் பதில் சொன்னேன். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நீண்டிருக்கின்றன. எதிரே இருப்பவர் எந்தக் கேள்வியில் நிற்கிறார் என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்டுவிடுங்கள். "மோசடி நடந்தது என்கிறீர்களா, சரிபார்க்க வழி போதவில்லை என்கிறீர்களா?" இந்த ஒரு வரி ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 2: அரை மணி நேரம் படியுங்கள்

வாதத்துக்கு நடுவில் தேடாதீர்கள். அப்போது தேடினால் நமக்குச் சாதகமானது மட்டும்தான் கண்ணில் படும். முன்னாலேயே படியுங்கள். மற்றவர் செய்த சுருக்கத்தை விட்டுவிட்டு மூலத்தைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் தேர்தல் ஆணையத்தின் கேள்வி-பதில் தொகுப்பும் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன.

இந்தத் தலைப்புக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். இயந்திரம் முதலில் 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. பிறகு 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் நாடு முழுக்க இயந்திரத்தில் நடந்தது. 2013-இல் விவிபாட் எனப்படும் ஒப்புகைச் சீட்டுக் கருவி வந்தது. நீங்கள் போட்ட சின்னம் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, சீட்டு பெட்டிக்குள் விழும். 2019-இலிருந்து ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கல் போட்டு 5 சாவடிகளின் சீட்டை எண்ணி, இயந்திரம் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் கேட்டால் சட்டமன்றத் தொகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களின் சில்லைச் சோதிக்கலாம் என்றும் சொன்னது.

இந்த ஒரு பத்தி தெரிந்தாலே போதும், நிதானமாகப் பேச முடியும்.

தமிழ் இணையத்தில் இந்தத் தலைப்பில் தவறாமல் வரும் ஒரு வாதம் உண்டு: "நம்ம சுஜாதா செய்த மெஷின், அதில் தப்பு வருமா?" பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் அந்த இயந்திரத்தை உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு இருந்தது உண்மை. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் செய்தவர் மீதுள்ள அன்பு, இன்றைக்கு இருக்கும் இயந்திரத்தைச் சரிபார்க்கும் வழி போதுமா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. நமக்குப் பிடித்த பெயர் வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 3: எப்படிக் கூப்பிடுவது

ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் முதல் வரியிலேயே எதிரே இருப்பவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

நான் 'நீங்கள்' என்று தொடங்குவேன், கடைசிவரை அதை மாற்ற மாட்டேன். அவர் 'நீ'க்கு இறங்கினாலும் நான் இறங்குவதில்லை. 'தம்பி' வேண்டாம். வயது தெரியாதவரைத் தம்பி என்றால், நான் பெரியவன் நீ கேள் என்றுதான் அர்த்தம். அரசியல் பேச்சில் அது ஒரு கட்சிக்காரரைக் குறிப்பதாகவும் ஆகிவிட்டது. 'தோழர்', 'ஜி' இரண்டும் சாயம் பூசும். 'நண்பரே' நல்ல சொல்தான், ஆனால் வாதம் சூடான பிறகு வந்தால் நக்கலாகக் கேட்கும். 'சகோ' பரவாயில்லை. சந்தேகமாக இருந்தால் விளியே இல்லாமல் எழுதுங்கள், தமிழில் அது இயல்பாகவே வரும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் உங்களை 'நீர்' என்று எழுதினால் கோபப்படாதீர்கள். அங்கே அது நீக்கும் நீங்களுக்கும் நடுவில் இருக்கும் சொல், சமமானவரிடம் பேசுவது. இது தெரியாமல் ஒருவரிடம் நான் முகம் சுளித்துப் பதில் எழுதி, பிறகு மன்னிப்பு கேட்டிருக்கிறேன்.

சங்கி, உபி, தற்குறி போன்ற முத்திரைகள் எதுவும் வேண்டாம். முத்திரை குத்திய நொடியில் அவர் தன் ஆட்களை அழைத்துவருவார். அதற்கப்புறம் நீங்கள் பேசுவது ஒரு மனிதரோடு இல்லை, ஒரு கூட்டத்தோடு.

படி 4: அவர் சொன்னதை நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்

நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் வரும். மதம் என்றால் அங்கே கொள்கை, நிலைப்பாடு. ஒரு கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வழிகளை அடுக்குகிறது. முதல் வழி உடன்படல். அடுத்தது மறுத்தல். மூன்றாவது 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. அதாவது மற்றவர் கருத்தை முதலில் ஏற்று நின்று, அப்புறம் அதைக் களைவது. 'மேற்கொண்டு' என்ற சொல்லைக் கவனியுங்கள். களைய வேண்டுமானாலும் முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யும் முறை எளிது. பதில் எழுதும் முன் இரண்டு வரியில் அவர் கருத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள். அவர் படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அளவுகோல்.

அன்றிரவு நான் எழுதியது: "இணைப்பே இல்லாத மெஷினை எப்படி ஹேக் செய்வார்கள்? வாட்ஸ்ஆப்பில் வந்ததை நம்பாதீர்கள்."

எழுதியிருக்க வேண்டியது: "மோசடி நடந்ததாக நீங்கள் சொல்லவில்லை. ஓட்டு எண்ணப்பட்டதை வாக்காளர் தானே உறுதிசெய்ய வழி வேண்டும் என்கிறீர்கள், சரிதானா? சீட்டு 7 விநாடி தெரிகிறதே, அது ஏன் போதாது என்று சொல்லுங்கள்."

இரண்டாவது பதிலில் வம்பு இல்லை. ஆனால் கேள்வி கூர்மையாக இருக்கிறது. அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சீட்டு தெரிந்தது உண்மை, ஆனால் எண்ணுவது அந்தச் சீட்டை அல்லவே என்று அவர் சொல்லலாம். அங்கிருந்து உண்மையான வாதம் தொடங்கும்.

படி 5: உடன்பட வேண்டியதில் உடன்படுங்கள்

நன்னூல் உடன்படலை முதலில் வைத்ததற்கு என்ன காரணம் என்று உரைகாரர்களைத்தான் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் அதற்குரிய இடம் அதுதான். இதை நான் கற்றுக்கொண்டது அதே மனிதரிடம்.

நான்கைந்து நாள் கழித்து அவர் ஒரு கணக்கு போட்டு அனுப்பினார். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். தொகுதிக்கு 5 என்றால் 1,170 சாவடிகளின் சீட்டு எண்ணப்படும். 2024-இல் இருந்த சாவடிகள் 68,000-க்கு மேல். தொகுதிக்குச் சராசரியாக 290.

இப்போது ஒரே ஒரு தொகுதியில் பத்தில் ஒரு இயந்திரம் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் எடுக்கும் ஒவ்வொன்றும் நல்லதாக அமைய வாய்ப்பு 0.9. ஐந்தும் நல்லதாகவே அமைய 0.9-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 0.59. அதாவது நூற்றுக்கு 59 தடவை தப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

நானும் கால்குலேட்டரை எடுத்தேன். கணக்கு சரி. ஆனால் அதே கணக்கை மாநிலம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தேன். எல்லாத் தொகுதியிலும் பத்தில் ஒன்று கெட்டிருந்தால், 1,170 முறை எடுத்தும் ஒன்றுகூடச் சிக்காமல் போக வாய்ப்பு எவ்வளவு? புள்ளிக்குப் பிறகு ஐம்பதுக்கும் மேல் சுழியம் போட வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம்.

இதைப் பார்த்ததும் எங்கள் இருவர் நிலையும் நகர்ந்தது. மாநிலம் தழுவிய மோசடி இந்த ஏற்பாட்டில் ஒளிந்துகொள்ள முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒரு தொகுதியில், அதிலும் சில நூறு ஓட்டில் முடிவாகும் தொகுதியில், 5 போதாது என்று நான் ஒப்புக்கொண்டேன். வித்தியாசம் குறைவாக உள்ள தொகுதிகளில் மட்டுமாவது எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்பது இன்றைக்கு என் நிலைப்பாடு. 2024 ஜூன் 4-க்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு நிலைப்பாடே இல்லை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பதிலின் முதல் வரியில் அவர் சொன்னதில் எது சரி என்பதை எழுதுங்கள். சும்மா ஒப்புக்கு "நீங்கள் சொல்வது சரிதான், ஆனால்" என்று எழுதினால் யாருக்கும் தெரிந்துவிடும். "0.59 என்ற கணக்கு சரி, நானும் போட்டுப் பார்த்தேன்" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொல்வதில்தான் நம்பிக்கை வரும்.

படி 6: வீடியோ வந்தால்

வாதம் நடக்கும்போது யாராவது ஒரு வீடியோவைப் போடுவார்கள், காரில் இயந்திரம் போகிறது என்று. உடனே பொய் என்றும் சொல்லாதீர்கள், பகிரவும் செய்யாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, அது வாக்கு பதிவான இயந்திரமா அல்லது பழுதானால் மாற்ற வைத்திருக்கும் உபரி இயந்திரமா என்று மூன்றையும் கேளுங்கள். வாக்கு பதிவான இயந்திரம் என்றால் முத்திரையும், சாவடி முகவர்களிடம் கொடுத்த படிவம் 17சி-இல் எத்தனை ஓட்டு பதிவானது என்ற எண்ணும் இருக்கும். விடை வரும்வரை அந்த வீடியோவை ஓரமாக வைத்துவிடுங்கள்.

படி 7: எப்போது நிறுத்துவது

பட்டிமன்றத்தில் நடுவர் இருப்பார், மணி அடிப்பார், தீர்ப்பு சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவார். இணையத்தில் மணி அடிக்க ஆள் இல்லை, அதை நீங்களேதான் அடிக்க வேண்டும். ஒரே கருத்தை இரண்டாம் முறை எழுதப் போகிறீர்கள் என்றால் அதுவே மணி. அவர் உங்கள் குடும்பத்தையோ சாதியையோ இழுத்தால் பதிலே வேண்டாம், தடுத்துவிட்டு வெளியே வாருங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் எழுதியதைக் காலையில் அனுப்புங்கள்.

நல்லபடியாகப் போன வாதத்தையும் முடித்து வைக்க வேண்டும். பாதியில் காணாமல் போனால் தோற்று ஓடியதாக நினைப்பார்கள், அல்லது மதிக்கவில்லை என்று வருத்தப்படுவார்கள். எதில் ஒத்துப்போனோம், எதில் இல்லை, எது தெரிந்தால் மனம் மாறும், இந்த மூன்றும் இருந்தால் போதும். அவருக்கு நான் கடைசியாக எழுதியது இது:

"மாநில அளவில் இந்தச் சோதனை போதும், ஒரு தொகுதி அளவில் போதாது என்பதில் நாம் ஒத்துப்போகிறோம். பழையபடி வாக்குச்சீட்டுக்கே போக வேண்டும் என்கிறீர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தை நினைத்தால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. எல்லாச் சீட்டையும் எண்ண எத்தனை நாள் ஆகும் என்று நம்பும்படியான கணக்கு ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், திரும்ப யோசிக்கிறேன். கணக்குக்கு நன்றி."